விசிறிக்கு ஷாக் கொடுக்கப் போனோம்

கேள்வி: போன இதழில் ஒரு டாக்டர், அவசர சிகிச்சைப் பிரிவில் கருவிகளோடு தான் பட்ட பாட்டை நகைச்சுவையாக எழுதியிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் உயிருக்குப் போராடும்போது இவர்களுக்கு என்ன சிரிப்பு? இதையெல்லாம் அச்சில் ஏற்றலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஏற்றலாம். ஏற்றியது நான்தான். இந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் ஓர் அரசு மருத்துவமனை கேசுவாலிட்டியில் ஆறு வருடம் நைட் டூட்டி பார்த்தவன் என்பதால், அந்த டாக்டர் எழுதியதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறார் என்றும் எனக்குத் தெரியும்.

ஒரு சித்திரை மாத ராத்திரி. மானிட்டர் அலறியது. திரையில் கோடு மலையும் பள்ளமுமாக எகிறுகிறது. இதயத்தின் கீழறைகள் தறிகெட்டு ஓடினால் எப்படி வருமோ அச்சு அசலாக அப்படி. ஹவுஸ் சர்ஜன் தம்பி ஷாக் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓட, சிஸ்டர் ஊசி மருந்தை உடைக்க, நான் திரையைப் பார்த்தபடியே கத்திக்கொண்டு போய்க் கட்டிலை எட்டினால், பாட்டி உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறார். "என்ன தம்பி, கரண்டு வந்துருச்சா?" என்றார். கையைப் பிடித்துப் பார்த்தேன், நாடி 72. விசிறியை வாங்கி வைத்ததும் கோடும் அடங்கிவிட்டது. கை அசைவையும் தசை நடுக்கத்தையும் அந்தப் பெட்டி இதயத் துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். பல் தேய்த்தாலும் அப்படித்தான். சொல்லுங்கள், இதில் நாங்கள் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? பாட்டியையா?

இன்னொன்று. ஒருவருக்கு ஆக்சிஜன் அளவு 15 நிமிடத்துக்கு ஒருமுறை தடாலென்று விழுகிறது, கொஞ்ச நேரத்தில் தானே ஏறிக்கொள்கிறது. மாஸ்க்கை மாற்றினேன், சிலிண்டரை மாற்றினேன், எக்ஸ்ரே எழுதினேன், சீனியரை எழுப்பித் திட்டும் வாங்கினேன். கடைசியில் ஒரு மூத்த சிஸ்டர் வந்தார், ஒரு வார்த்தை பேசாமல், விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி அடுத்த கையில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். பிபி பட்டை கட்டிய கையிலேயே கிளிப்பையும் மாட்டியிருந்தோம். பட்டை தானாக இறுகும்போதெல்லாம் விரலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகிறது, துடிப்பு கிடைக்காமல் கருவி புலம்புகிறது. அவ்வளவுதான். அந்த நோயாளி அன்றைக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாண வீட்டிலிருந்து வந்தவருக்குச் சர்க்கரை 400ஐத் தாண்டியதும், சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு குத்தினால் 118க்கு இறங்கியதும் உண்டு. உபயம், விரலில் ஒட்டியிருந்த ஜாங்கிரிப் பாகு. அப்புறம் நம் ஹவுஸ் சர்ஜன் தம்பி, இதயம் வலப்பக்கம் இருக்கும் ஓர் அபூர்வ மனிதரைக் கண்டுபிடித்து, மாணவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்திக் காட்டினார். சீஃப் வந்து ஈசிஜியை ஒரு பார்வை பார்த்தார். உண்மையிலேயே வலப்பக்கம் இருந்தால் மார்பில் வரிசையாக ஒட்டும் லீடுகளிலும் (துடிப்பை வாங்கும் ஒயர்கள்) ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகப் போகக் கோடு சிறுத்திருக்க வேண்டும், இங்கே அவை ஒழுங்காக இருந்தன. இடம் மாறியிருந்த வலது கை, இடது கை ஈசிஜி கிளிப்புகளைச் சரியாக மாற்றிப் போட்டார். இதயம் இடப்பக்கம் திரும்பி வந்துவிட்டது! அந்தத் தம்பி இன்று பெரிய இதய நிபுணர், பெயரைச் சொன்னால் என்மேல் கேஸ் போடுவார்.

அம்மா, நீங்கள் கோபப்பட வேண்டாம் என்று சொல்லவில்லை. இடம் மாறிக் கோபப்படுகிறீர்கள் என்கிறேன். சிரித்துச் சொல்லப்பட்ட தவறு அடுத்த பேட்சுக்குப் போய்ச் சேருகிறது. அந்த விரல் கிளிப் விஷயத்தை எனக்குப் பின்னால் வந்தவர்கள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே தெரிந்துகொண்டார்கள், எந்தச் சர்க்குலரிலும் அது வந்ததில்லை. யாரும் சிரிக்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறிய குழந்தைக்குக் குழாய் போட வேண்டும். லாரிங்கோஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவி; பேட்டரி உள்ள கைப்பிடியில் பிளேடு என்ற தகட்டை மாட்டுவோம்) எடுத்து விரித்தால் விளக்கு எரியவில்லை. தட்டினேன், பல்பைத் திருகினேன், மூடியைத் திறந்தால் உள்ளே பேட்டரியே இல்லை. நல்லவேளை, பெரியவர்களுக்கான கைப்பிடி பக்கத்திலேயே இருந்தது, அதில் குழந்தைக்கான பிளேடை மாட்டிச் சமாளித்தோம். குழந்தை பிழைத்தது. காலையில் தேடியதில் அந்த இரண்டு பென் செல்லில் ஒன்று டூட்டி ரூம் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. கழற்றிப் பழைய இடத்தில் போட்டேன். இன்னொன்று கிடைக்கவில்லை, பெட்டிக்கடையில் வாங்கினோம்.

கடிகாரம் நான் மாற்றலாகிப் போகும்வரை ஏழு பத்திலேயே நின்றது.