தண்டம் கட்டினால் முடியாது, அங்கேதான் தொடங்கும்

கேள்வி: நான் கிளிநொச்சி. விசிட்டர் விசாவில் கனடா போய் ஸ்காபரோவில் மனைவியோடு நின்றேன். அவர் எனக்கு ஸ்பொன்சர் போட்டிருக்கிறார், ஃபைல் இன்னும் முடியவில்லை. மொன்றியலிலிருந்து நயாகரா வரை நான்தான் கார் ஓடினேன். மச்சான் வற்புறுத்தியதால் வழியில் ஒரு வைன் தோட்டத்துக்குத் திருப்பி, பத்துச் சின்னக் கிளாஸ் சுவை பார்த்தோம். திரும்பும்போது பொலிஸ் மறித்தது. நிலையத்தில் இரண்டு முறை ஊதியதிலும் 100. நான் தள்ளாடவே இல்லை, நிறத்தைப் பார்த்துத்தான் மறித்தார்கள். இப்போது ஊரில் நிற்கிறேன். ஒப்புக்கொண்டு தண்டம் கட்டவா, வழக்கை அப்படியே விடவா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

மச்சானின் வற்புறுத்தல் வழக்குக்கு வேண்டாத கதை. தள்ளாடாததும் இந்தக் குற்றச்சாட்டில் உதவாது. ஓட்டி நிறுத்தி 2 மணித்தியாலத்துக்குள் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் இருந்தாலே குற்றம், உங்களுக்கு 100. 2018 டிசம்பரிலிருந்து, சட்டப்படி மறித்த எந்தச் சாரதியையும் சந்தேகம் இல்லாமலே ஊதச் சொல்லலாம். நிறம் பார்த்து மறித்ததற்கு ஆதாரம் இருந்தால் அங்குள்ள சட்டத்தரணியிடம் கொடுங்கள், அதில் மட்டும் தொங்கி நிற்காதீர்கள். தவறணையில் எத்தனை போத்தல் என்று கணக்கிருக்கும். சுவை பார்க்கும் கிளாஸில் அந்தக் கணக்குத் தவறும். ஒரு வார்ப்பு 60 மில்லி என்றாலும் பத்துக்கு 600, அதாவது முழுப் போத்தலில் ஐந்தில் நான்கு பங்கு.

பார்க்கவேண்டியது ஒன்றுதான்: உங்கள் பெயரில் கனடாவின் குற்றவியல் கோவையின் (Criminal Code) கீழ் குற்றத் தீர்ப்பு விழுகிறதா, இல்லையா.

நம்மவர்கள் மாட்டுப்படுவது இந்த இடத்தில்தான். நீதவான் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போன பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோகிறார்கள். 100 அளவுக்கு முதல் தடவையில் குறைந்தபட்சத் தண்டம் 1000 டொலர். மலிவாகத் தெரியும். ஆனால் அந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை 10 வருடம். அதனால் நீதிபதி வெறும் தண்டத்தோடு விட்டாலும் குடிவரவுச் சட்டம் அதைப் ‘பாரதூரமான குற்றம்’ என்றே எடுக்கும். ஸ்பொன்சர் ஃபைல் அதோடு விழலாம். அங்குள்ள சொந்தங்கள், “90 நாளுக்குள் ஒப்புக்கொள், லைசன்ஸ் தடை குறையும்” என்பார்கள். கனடாப் பிரஜைக்கு அது நல்ல புத்தி. ஃபைல் நிலுவையில் இருக்கும் உங்களுக்கு அதுதான் பொறி.

வழக்குக்குப் போகாமல் விட்டால் பிடியாணை வரும், வராமல் விட்டதே தனிக் குற்றமாகும். 18 மாதத்துக்குள் விசாரணை முடியாவிட்டால் தாமதத்தைக் காட்டி வழக்கை நிறுத்தக் கேட்கலாம், ஆனால் உங்களால் வந்த தாமதம் அதில் கழிபடும். விசாப் படிவத்தில் “எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டதா” என்ற கேள்விக்கு ‘இல்லை’ போடவே வேண்டாம். விசாவுக்கும் கைரேகை கொடுத்திருக்கிறீர்கள். பொய் பிடிபட்டால் 5 வருடத் தடை, அது குடித்து ஓட்டியதற்கு மேலதிகமாக.

செய்யவேண்டியது இது. வழக்கு நடக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் குற்றவியல் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, உங்களுக்காக மன்றில் தோன்ற எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். பெரும்பாலான தவணைகளுக்கு நீங்கள் பறக்கத் தேவையில்லை. ஊதிய இரண்டுக்கும் இடையில் குறைந்தது 15 நிமிடம் இருந்ததா, கருவி சரியாக அளக்கிறதா என்ற சோதனை ஒழுங்காக நடந்ததா என்று அவர் பார்க்கட்டும். அதில் ஓட்டை இருந்தால் அதுவே பேரம் பேசும் பலம்.

பிறகு சமரசத்துக்குப் போங்கள், வீம்பு வேண்டாம். அரச தரப்பு குற்றவியல் குற்றச்சாட்டைக் கைவிட்டு, மாகாண வீதிச் சட்டத்தின் கீழ் ‘கவனயீனமாக ஓட்டியது’ என்று முடிக்க இணங்கினால் உடனே எடுங்கள். தண்டம் 400 முதல் 2000 டொலர். 1000க்குப் பதில் 2000 கட்ட நேர்ந்தாலும் அதுதான் மலிவு, ஏனென்றால் அது குற்றவியல் தீர்ப்பு அல்ல. ஒப்புக்கொள்ளும் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்குமுன் அது எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள். குற்றவியல் கோவை என்று இருந்தால், குடிவரவுச் சட்டத்தரணி பார்க்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.