பொதுக்குழுவைக் கேட்காமல் போட்ட ஊதிய ஒப்பந்தம் செல்லுமா?

கேள்வி: ஓசூர் அருகே வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சங்கத்தில் 400 பேருக்கு மேல் இருக்கிறோம். பொதுக்குழுவில் வைத்த பிறகே கையெழுத்து என்று சொன்ன தலைவரும் செயலாளரும், 2025 ஜூலையில் நான்காண்டு ஊதிய ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். உற்பத்தி அளவைக் கூட்டவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பின்னர் கூடிய பொதுக்குழுவில் பெரும்பாலானோர் எதிர்த்துக் கைதூக்கினோம். ஆளுக்கொரு ஒப்புதல் கடிதம் தந்தால்தான் நிலுவைத்தொகை என்கிறது நிர்வாகம். என்ன செய்யலாம்?

பதில்: ஊதிய ஒப்பந்தத்தைத் தொழிலாளர்களின் வாக்குக்கு விட வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அந்த உரிமை உங்களுக்கு இருந்தால், அது சங்க விதிகளில்தான் இருக்கும். தூக்கிய கைகளை எண்ணுவதற்கு முன் அந்த விதிப்புத்தகத்தைப் பாருங்கள். சங்கத்தில் தர மறுத்தால், தொழிற்சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள்.

ஒப்பந்தம் போடும் அதிகாரம் விதிப்படி யாருக்கு இருக்கிறது? சங்கத்தின் நிர்வாகக் குழு தீர்மானம் போட்டுத் தலைவரையும் செயலாளரையும் அனுப்பியதா? இரண்டில் ஒன்றாவது இல்லாமல் சங்க நிர்வாகிகள் போட்ட கையெழுத்தைச் சட்டப்படியான ஒப்பந்தமாகக் கொள்ள முடியாது என்று ப்ரூக் பாண்ட் இந்தியா வழக்கில் 1981-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் வழக்குக்கு முதுகெலும்பு இதுதான். தீர்மானப் புத்தகத்தின் நகல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்க மாட்டேன். பெரும்பான்மைச் சங்கம் நேர்மையாகப் பேசி முடித்த ஒப்பந்தத்தின் விளைவுகள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கில் 1976-ல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதிகாரம் முறையாக இருந்திருந்தால், "எங்களைக் கேட்கவில்லை" என்ற வாதம் மட்டும் நிற்காது.

அடுத்து, கையெழுத்து எங்கே நடந்தது என்று பாருங்கள். உங்கள் ஒப்பந்தம் 2025 நவம்பர் 21-ல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தையது. ஆகவே அதை 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டப்படி பார்க்க வேண்டும். நிர்வாகமும் சங்கமும் தமக்குள் போட்ட, அச்சட்டத்தின் 18(1) பிரிவின்கீழ் வரும் ஒப்பந்தம் என்றால், அது கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே கட்டும்; சங்கத்தில் சேராதவர்களைத் தொடாது. அரசின் சமரச அலுவலர் முன்னிலையில் 12(3) பிரிவின்கீழ் போட்ட ஒப்பந்தமோ உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர், நாளை வேலையில் சேருபவர் என அனைவரையும் கட்டும். அதை உடைப்பது மிகக் கடினம்.

ஒப்புதல் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். ஒப்பந்தத்தில் ஓட்டை இருந்தால், உங்கள் கையெழுத்தே அதை அடைத்துவிடும். பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை நீதிமன்றங்கள் பெரிதாக எடுத்துக்கொள்கின்றன. நிலுவை வாங்கியே ஆகவேண்டிய வீடுகள் இருக்கும், அது எனக்குத் தெரியும். அவர்கள் "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன், ஒப்பந்தம் செல்லும் என்று ஏற்கவில்லை" என்று எழுதிக் கொடுத்து, நகலில் பெறப்பட்டதற்கான கையொப்பம் வாங்கட்டும். அதுவும் முழுப் பாதுகாப்பல்ல. ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஒட்டுமொத்தமாகவே எடைபோடும் என்பதால், ஊதிய உயர்வை வைத்துக்கொண்டு, கூட்டிய உற்பத்தி அளவை மட்டும் தள்ள முடியாது.

கோபத்தில் வேலைநிறுத்தம் வேண்டவே வேண்டாம். நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் அடங்கிய விஷயத்துக்காக வேலைநிறுத்தம் செய்வது பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் தடைசெய்யப்பட்டது. வேலை இழப்பவர்களை மீட்பது ஒப்பந்தத்தை உடைப்பதைவிடப் பெரிய போராட்டமாகிவிடும். விதிப்புத்தகம், தீர்மான நகல், ஒப்பந்த நகல், உங்கள் பொதுக்குழுத் தீர்மானம் ஆகிய நான்குடனும் இந்த வாரமே தொழிலாளர் வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.