ஆமை சீறுவதும் மூச்சு விசிலடிப்பதும்

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். இரண்டு வருடமாக வீட்டில் ஒரு தரை ஆமை நிற்கிறது. முதுகில் நட்சத்திரம் போல மஞ்சள் கோடுகள். தூக்கினால் எப்போதும் 'உஸ்ஸ்' என்று சீறும். மாரி மழை தொடங்கிய பிறகு, சும்மா கிடக்கும்போதும் விசில் மாதிரிச் சத்தம் வருகிறது. கழுத்தை நீட்டி வாயைத் திறக்கிறது. மூன்று நாளாகச் சாப்பாடும் இல்லை. கோபமா, வருத்தமா?

பதில்: சீறலை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆமையின் நுரையீரல் முதுகோட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. ஓடு விரிந்து கொடுக்காது. தலையையும் கால்களையும் திடீரென உள்ளே இழுத்தால், உள்ளிருக்கும் காற்று வெளியேறித்தான் ஆக வேண்டும். அந்தச் சத்தம்தான் 'உஸ்ஸ்'. தூக்கியதும் பயந்துவிட்டது, அவ்வளவுதான். இணைசேரும்போது ஆண் ஆமை முனகுவதும் இயல்பானதே.

விசில் அப்படியல்ல. நாங்கள் இருமிச் சளியைத் தள்ளிவிடுகிறோம். ஆமைக்கு உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே மூச்சுக்கு உதவும் தசை) இல்லை, நன்றாக இருமவும் முடியாது. சளி உள்ளேயே தேங்கி நிமோனியாவாகிவிடும். நீங்கள் எழுதிய மூன்றும் சேர்ந்து வருவதைப் பார்த்தால் சுவாசத் தொற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்றிரவு அது அடங்கிக் கிடக்கும்போது, தொடாமல், டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து மூக்கைப் பாருங்கள். நான் பார்த்த ஓர் ஆமையின் மூக்குத் துளையில் கடுகளவு குமிழி ஒன்று, மூச்சுக்கு மூச்சு ஊதிச் சுருங்கிக்கொண்டிருந்தது. அப்படிக் கண்டாலும் சரி, மூச்சுக்கு ஏற்ப முன்னங்கால்கள் உள்ளே வெளியே போய்வந்தாலும் சரி, விடிந்ததும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். குமிழி இல்லாவிட்டாலும் நாள் கடத்த வேண்டாம். ஆமைக்கு நோய் மெதுவாகத்தான் வெளியே தெரியும். தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும்.

அதுவரை சூடுதான் முக்கியம். ஆமையின் உடல் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. குளிர்ந்தால் நோயெதிர்ப்பும் தளர்ந்துவிடும். வாடைக்காற்றில் ஈரம் ஊறிய சீமெந்துத் தரையில் விடாதீர்கள். உலர்ந்த பெட்டியில் வைத்து, ஒரு மூலைக்கு மேலே குண்டு பல்ப் போட்டு, அந்த மூலை 30 பாகை அளவில் இருக்கட்டும். மறுமூலை சற்றுக் குளிர்ச்சியாக இருந்தால் வேண்டியபடி நகர்ந்துகொள்ளும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக் குளிசையும் வேண்டாம். ஊசி போடுவதானால் வழக்கமாக முன்னங்காலில்தான் போடுவார்கள். பின்பக்கத்து இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடியது, மருந்து உடலெங்கும் பரவுமுன் அங்கே வெளியேறிவிடலாம் என்பதால் அந்த வழக்கம்.

குணமானபின் பாணும் சோறும் கொடுக்காமல், அறுகம்புல், செவ்வரத்தை இலை, பூ என்று போடுங்கள்.

அப்புறம், இதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது நட்சத்திர ஆமை. இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம், அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருக்க முடியாது. 2019 முதல் சர்வதேச வர்த்தகத்திலும் மிகக் கடுமையான தடைப் பட்டியலில் இருக்கிறது. வைத்தியரிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். பயத்தில் கன்னியாப் பக்கத்துப் பற்றைக்குள் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நோயோடு போனால் அதுவும் பிழைக்காது, அங்கிருக்கும் ஆமைகளுக்கும் தொற்றிவிடும்.