பிஎஸ்எஃப் புழு: கூட்டினால் 105 சதவீதம் வருவது ஏன்?

கோழித் தீவனத்துக்கு வளர்க்கிற பிஎஸ்எஃப் (கருப்பு சிப்பாய் ஈ) புழுவை லேபில் சோதிச்சா, சத்துகளின் மொத்தம் 100ஐத் தாண்டுதேன்னு கேட்டிருந்தீங்க. பிழை லேபில் இல்லை, புரதக் கணக்கில் வர்ற 6.25 என்ற பெருக்கு எண்ணில்தான். உங்க ரிப்போர்ட்டில் உலர் எடைக்குச் சதவீதத்தில் புரதம் 50, கொழுப்பு 36, சாம்பல் (எரிச்சா மிஞ்சுற தாது) 10, கைட்டின் (பூச்சித் தோலைக் கெட்டியாக்கும் பொருள்) 9. லேபில் புரதம் பார்க்கும் கெல்டால் முறை புரதத்தை நேரடியா அளக்காது; நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கும். புழுத் தோலில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருக்கு. அதனால கைட்டினின் நைட்ரஜன் ஒரு தடவை புரதமாவும், அதே கைட்டின் இன்னொரு தடவை கைட்டினாவும் எண்ணப்படுது.

இப்படிப் போட்டுப் பாருங்க: 50ஐ 6.25ஆல் வகுத்தா நைட்ரஜன் 8. அதை, இந்தப் புழுவுக்கு ஆய்வில் கண்ட 4.76ஆல் பெருக்கினா புரதம் சுமார் 38. மொத்தம் 93, மிச்சம் மாவுச்சத்து மாதிரியான மற்றவை. கணக்கு உட்காருதா? சந்தேகம் தீரலைன்னா அமினோ அமில (புரதத்தின் அடிப்படை அலகு) அளவீடு கேளுங்க. செலவு கூடுதல், ஆனா அதுதான் உறுதியான விடை.

சாம்பலையும் கவனிங்க. நம்ம கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் புழுவுக்குப் போடும் காய்கறிக் கழிவோட மண்ணும் சேர்ந்தே வரும். அந்த மண் புழுவின் குடலில் தங்கிச் சாம்பலைக் கூட்டும். ஒரு நாள் பட்டினி போட்டு, கழுவி, அப்புறம் மாதிரி எடுங்க.

ஒண்ணு மறந்துடாதீங்க: 4.76 பிஎஸ்எஃப் உட்பட சில பூச்சிகளின் புழுக்களுக்குக் கண்ட எண். வெட்டுக்கிளிக்கோ மண்புழுவுக்கோ அப்படியே போடக் கூடாது. தீவன மூட்டையில் அச்சிடும் கச்சாப் புரதம் 6.25 கணக்குதான்; கருவாட்டுத் தூளோட ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே எண்ணை வச்சு ஒப்பிட்டா புழு உசத்தியாத் தெரியும், கோழிக்குக் கிடைக்கிற புரதம் குறைவாத்தான் இருக்கும்.