97.8 பெரியதா, 97.65 பெரியதா: மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேட்டூர் அணை நீர்மட்டத்தையே கணக்காகக் கொடுங்கள். முழு மட்டம் 120 அடி. நேற்று 97.65 அடி, இன்று 97.8 அடி என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஏறியதா, இறங்கியதா? 8-ஐ விட 65 பெரிது என்று பலர் இறங்கியதாகச் சொல்வார்கள். புள்ளிக்குப் பின்னுள்ளதைத் தனி முழு எண்ணாகப் பார்ப்பதுதான் காரணம். அதனால் 'அறுபத்தைந்து' என்று வாசிக்கவே விடாதீர்கள், 'ஆறு, ஐந்து'தான். பத்தில் ஒன்றாம் இடத்தில் 8, 6-ஐ விட அதிகம். அங்கேயே விடை தெரிந்துவிடும்.

97.80 என்று பூச்சியம் சேர்ப்பதும் சரியான வழிதான், ஆனால் இடமதிப்பு புரிந்த பிறகு சொல்லுங்கள்.

அடுத்து 3.4, 3.45, 3.09 மூன்றையும் ஏறுவரிசையில் எழுதச் சொல்லுங்கள். 3.09-ஐ 3.4-க்குப் பின்னால் வைத்தால் அதே பழைய குழப்பம். 3.4-ஐக் கடைசியில் வைக்கும் பிள்ளையோ, இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று நினைக்கிறது. அதற்குத் தனியாக உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.