கிரேக்க டைட்டன்களை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தில் எதிரியாகக் கொண்டுவருவது எப்படி?

உயிர்ப்புள்ளியை (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) ஏற்றி, 'பெரிய ராட்சதன்' என்று இறக்கிவிட்டால் சுவை போய்விடும். ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பே இதில் கொஞ்சம் குழப்பியிருக்கிறது. அதன் அரக்கர் கையேடான 2014 மான்ஸ்டர் மேனுவலில் கிராக்கன் என்ற கடல் அரக்கனுக்கும் டாரஸ்க் என்ற ராட்சத மிருகத்துக்கும்கூட 'டைட்டன்' முத்திரை! கிரேக்க டைட்டன்களோடு அவற்றுக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் சொல்லும் டைட்டன்கள் 12 பேரும் தெய்வங்களின் அரசன் ஜீயஸுக்கு முந்தைய தெய்வத் தலைமுறை. அவர்களில் ஜீயஸை எதிர்த்தவர்கள் பத்தாண்டுப் போரில் தோற்றார்கள், சாகவில்லை. டார்டரஸ் என்ற பாதாளச் சிறையில் அடைபட்டார்கள், வெண்கலக் கதவு, நூறு கை கொண்டவர்கள் காவல். ஆட்டத்துக்கான சரக்கு இங்கேதான் இருக்கிறது. டைட்டனைக் கொல்ல முடியாது, அடைக்கத்தான் முடியும் என்று விதி வையுங்கள். இரண்டு பேர் அவனை மறிக்க, மற்றவர்கள் கதவை மூட ஓட வேண்டியிருக்கும்.

ஜீயஸின் அப்பாவான டைட்டன் குரோனஸ் என்றால் அரிவாளும் விழுங்கும் தாக்குதலும் கட்டாயம். ஆனால் விழுங்கப்பட்டவருக்குச் சேதம் தராதீர்கள். அவன் விழுங்கிய பிள்ளைகள் முழுசாகத்தான் வெளியே வந்தார்கள். கக்க வைப்பதுதான் சவால்.

அட்லஸ் (டைட்டனின் மகன், ஆனாலும் சேர்க்கலாம்) சண்டைக்கே வேண்டாம். அவனை வெட்டினால் வானத்தை யார் தாங்குவது என்று ஆடுகிறவர்களே தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.