தொலைக்காட்சி, சினிமா இரண்டிலும் எந்த வேடத்துக்கும் பொருந்தும் தமிழ் நடிகர் யார்?

யோசிக்காமல் சொல்வேன்: எம்.எஸ்.பாஸ்கர்.

சன் டிவியில் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடர் ஓடிய காலத்தில், அதில் வரும் அவருடைய வேடத்தை வைத்து எங்கள் வீட்டில் அவர் பெயரே பட்டாபிதான். சினிமாவில் அவர் தலையைக் காட்டினாலும் "டேய், பட்டாபிடா!" என்போம். ஒரு நடிகருக்கு அப்படிப் பெயர் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் கதை அதோடு முடிந்துவிடும். இவருக்கு முடியவில்லை.

எனக்கு அது 2007-ல் 'மொழி' பார்த்தபோது புரிந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் பேராசிரியர் ஞானப்பிரகாசம். 1984-ல் மகன் இறந்ததோடு அவருக்குக் காலம் நின்றுவிட்டது. பார்ப்பவரிடமெல்லாம் அந்த வருடத்துச் சேதிகளை நேற்று நடந்ததுபோலப் பேசுவார். நாமும் சிரித்துக்கொண்டே இருப்போம். அப்புறம் மகன் இறந்ததை அவர் உணர்ந்து உடைந்து அழும் காட்சி வரும். அதுவரை சிரித்ததற்காக எனக்கு நெஞ்சு வலித்தது.

அவர் டப்பிங் கலைஞரும்கூட. அவருடைய பலமே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். டப்பிங் அறையில் முகமோ உடம்போ உதவிக்கு வராது. மூச்சை எங்கே விடுவது, சொல்லை எங்கே உடைப்பது என்பதை வைத்தே ஆளைக் காட்டியாக வேண்டும்.

'உத்தம வில்லன்' சொக்கு செட்டியார், '8 தோட்டாக்கள்' கிருஷ்ணமூர்த்தி, இரண்டுமே நல்ல வேடங்கள். ஆனால் 'பார்க்கிங்' (2023) இளம்பரிதியை மறக்கவே முடியாது. நேர்மையான அரசு ஊழியர், ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குப் பார்க்கிற மனிதர். வண்டி நிறுத்தும் இடத்துக்காக மேல் வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்று, வீம்புக்கென்றே தானும் ஒரு கார் வாங்கிவிடுகிறார். அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வரும். ஆனாலும் வில்லன் என்று ஒதுக்க மனம் வராது. இப்படி ஒருவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், இல்லையா? அந்த வேடத்துக்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது 2025-ல் அறிவிக்கப்பட்டது. மலையாள நடிகர் விஜயராகவனோடு பகிர்ந்துகொண்டார். எனக்கே கிடைத்ததுபோல இருந்தது.

நேரம் கிடைத்தால் 'மொழி'யையும் 'பார்க்கிங்'கையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நடுவில் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு அவர் குரலை மட்டும் கேளுங்கள். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறது என்று நம்பவே மாட்டீர்கள்.